ஈசிஜி கோடு நடுங்கினால் டைனிஎஸ்ஏ எதற்கு ஆகும்?

மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் சிறிய மருத்துவமனைகளின் கருவிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். ஈசிஜி இயந்திரம், படுக்கையோர மானிட்டர், சக்ஷன் பம்பு, நெபுலைசர் என்று எது படுத்துக்கொண்டாலும் கூப்பிடுவார்கள். பெரிய மருத்துவமனைகளுக்குக் கம்பெனி ஆட்களே வந்துவிடுவார்கள். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் நான்கைந்து படுக்கை போட்டு நடத்துகிறவர்களுக்கு என்னைப் போன்றவர்கள்தான் கதி. அவர்களிடமிருந்து அடிக்கடி வரும் புகார் ஒன்று: "கோடு சரியாக வரவில்லை, நடுங்குகிறது."

அந்த நடுக்கம் எங்கிருந்து வருகிறது என்று தேடுவதற்காகத்தான் டைனிஎஸ்ஏ என்ற கையடக்க ஸ்பெக்ட்ரம் அனலைசரை, அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சிக்னல் இருக்கிறது என்று திரையில் வரைந்து காட்டும் கருவியை, வாங்கினேன். ஆறாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. லட்சக்கணக்கில் விலை போகும் மேசைக் கருவியின் வேலையை இது அப்படியே செய்யும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இதைப் பொம்மை என்று ஒதுக்குகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. எனக்கு வரும் புகார்களில் பெரும்பகுதிக்கு இது ஒன்றுக்கும் உதவாது. மிச்சம் இருக்கிற கொஞ்சத்துக்கு, என் கைக்கு எட்டும் விலையில் இதை விட்டால் வேறு கருவி இல்லை.

முதலில் பெட்டியைப் பற்றி. 2020இல் வெளிவந்தது, வடிவமைத்தவர் நெதர்லாந்தைச் சேர்ந்த எரிக் காஸ்ஹூக். 2.8 அங்குலத் தொடுதிரை, உள்ளேயே பேட்டரி, சட்டைப்பையில் அடங்கும் அளவு. இரண்டு நுழைவாய்கள் இருக்கின்றன. 'லோ' என்பது 100 கிலோஹெர்ட்ஸிலிருந்து 350 மெகாஹெர்ட்ஸ் வரை; 'ஹை' என்பது 240இலிருந்து 960 மெகாஹெர்ட்ஸ் வரை. கூடவே வரும் ஆன்டெனாவை மாட்டி மொட்டை மாடிக்குப் போனால் பண்பலை வரிசை முழுவதும் கூரான முனைகளாக எழுந்து நிற்கிறது. கொடைக்கானல் நிலையத்தின் 100.5ஐ அதில் அடையாளம் கண்டுகொண்டபோது, இத்தனை வருடம் காதால் மட்டும் கேட்டதைக் கண்ணால் பார்க்கிறோமே என்று இருந்தது. அது பொழுதுபோக்கு. திரையின் எழுத்து பொடி என்பதுதான் தொழிலில் உறுத்துவது. விரலால் ஒரு கட்டத்தைத் தொட்டால் பக்கத்துக் கட்டம் திறக்கிறது; நான் பழைய ஸ்டைலஸ் ஒன்றை ரப்பர் பேண்டு போட்டுக் கூடவே கட்டி வைத்திருக்கிறேன். ஜன்னல் ஓரத்தில் மதியவெயில் அடித்தால் திரையில் என் முகம்தான் தெரிகிறது.

இனி, இது எதற்கு ஆகாது என்பது. நாம் வீட்டில் வாங்கும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இந்தக் கருவி பார்க்கத் தொடங்குவதே 100 கிலோஹெர்ட்ஸில். ஈசிஜியைக் கெடுக்கும் முதல் எதிரி அந்த 50 ஹெர்ட்ஸ்தான். அது இந்தத் திரையில் வரவே வராது. "மின்காந்தக் குறுக்கீட்டை அளக்கும் கருவி" என்று விளம்பரத்தில் படித்துவிட்டு, கிளினிக்கின் எல்லாக் கோளாறுக்கும் இதுவே மருந்து என்று வாங்குகிறவர் ஏமாந்து போவார்.

கணக்கைப் பாருங்கள். இதயம் மார்பின் மேல் விட்டுச் செல்லும் மின்னழுத்தம் ஒரு மில்லிவோல்ட் அளவு. ஈசிஜித் தாளில் அதை 10 மில்லிமீட்டர் உயரமாக வரைகிறோம். சுவரில் ஓடும் 230 வோல்ட் அதைப்போல் இரண்டு லட்சத்து முப்பதாயிரம் மடங்கு. அதில் ஒரு துளி உடம்பின் வழியாக நுழைந்தாலும் போதும். தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் நகர்வதால், 50 ஹெர்ட்ஸ் என்பது ஒரு மில்லிமீட்டருக்குள் இரண்டு அலை. கண்ணுக்கு அது அலையாகத் தெரியாது. கோடு தடித்து, மசமசவென்று ஆகிவிடும்.

திருமங்கலம் சாலையில் ஒரு கிளினிக்கில் புது இயந்திரத்தில் இப்படித்தான் வந்தது. "புதுசையே பழுதாகத் தலையில் கட்டிவிட்டார்கள்" என்று டாக்டர் கொதித்துக்கொண்டிருந்தார். இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டினேன்; கோடு பாதி தெளிந்தது. மல்டிமீட்டரை எடுத்து, சாக்கெட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்தேன். 38 வோல்ட். எர்த் ஒழுங்காக இருந்தால் அங்கே ஓரிரு வோல்ட்டுக்கு மேல் நிற்கக் கூடாது. கட்டடத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தால், கரியும் உப்பும் போட்டு மூடிய எர்த் குழி சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. கம்பியைக் குழாயோடு சேர்க்கும் கிளாம்பு பச்சை பிடித்து, தொட்டவுடன் கையோடு வந்துவிட்டது. புதுக் கிளாம்பு, புதுச் செம்புக் கம்பி, குழிக்குக் குடம் குடமாகத் தண்ணீர். டைனிஎஸ்ஏ பையை விட்டு வெளியே வரவில்லை.

எர்த் சரியாக இருந்தும் நடுங்கினால் அடுத்தது எலெக்ட்ரோடுகள். உடம்பில் இரண்டு இடங்களுக்கு நடுவில் எடுக்கும் கோட்டை லீடு என்போம். I, II ஆகிய இரண்டு லீடும் நடுங்கி III மட்டும் சுத்தமாக இருந்தால் வலது கை. I, III நடுங்கி II சுத்தம் என்றால் இடது கை. II, III என்றால் இடது கால். எல்லாமே நடுங்கினால் வலது காலைப் பாருங்கள். அந்தக் கால் படத்தில் வராது என்பதால் யாரும் அதை மதிப்பதில்லை. ஆனால் உடம்பு முழுதும் ஏறியிருக்கும் 50 ஹெர்ட்ஸைத் தலைகீழாக்கி இயந்திரம் திருப்பி அனுப்புவது அந்த வழியாகத்தான். ஜெல் தீர்ந்துவிட்டது என்று குழாய்த் தண்ணீரைத் தடவி ஒட்டும் சிஸ்டர்களை நான் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். கேட்டால், "இத்தனை நாள் வந்ததே சார்" என்பார்கள். இன்னொன்று, ஏசி அறையில் சட்டையைக் கழற்றிப் படுத்திருக்கும் பெரியவர் குளிரில் நடுங்கினால் கோடும் நடுங்கும். அதற்கு ஒரு போர்வைதான் ரிப்பேர். இதையெல்லாம் பாராமல் ஃபில்டர் பொத்தானை நிரந்தரமாக அழுத்தி வைத்திருப்பவர்களிடம் சொல்வதற்கு ஒன்று உண்டு. 35 ஹெர்ட்ஸ் தசை ஃபில்டரைப் போட்டால் நடுக்கத்தோடு சேர்ந்து துடிப்பின் கூர்முனையும் மழுங்கித்தான் போகும்.

இவ்வளவும் கழித்த பிறகு மிஞ்சும் வழக்குகள்தான் டைனிஎஸ்ஏவுக்கு உரியவை. கோரிப்பாளையத்தில் ஒரு சிறிய மருத்துவமனை. கண்காணிப்பு அறையில் மானிட்டர் கோடு பொரிந்து பொரிந்து வருகிறது. நாடித்துடிப்பு எண் திடீரென்று இரட்டிப்பாகி அலாரம் அடிக்கிறது. புதிதாக எல்இடி பேனல் விளக்கு மாட்டியிருந்தார்கள். எலெக்ட்ரீஷியன், சிஸ்டர், டாக்டர் மூவருக்கும் குற்றவாளி யார் என்பதில் ஐயமே இல்லை. எர்த் பார்த்தேன், இரண்டு வோல்ட்டுக்குள். எலெக்ட்ரோடு புதிது.

மெல்லிய கோஆக்சியல் கேபிளை விரல் அளவு வளையமாகச் சுற்றி, வளையத்தின் உச்சியில் வெளிக்கவசத்தை மட்டும் ஒரு மில்லிமீட்டர் வெட்டி நீக்கி, மேலே இன்சுலேஷன் டேப் ஒட்டி ஒரு தேடுவளையம் செய்து வைத்திருக்கிறேன். அதை 'லோ' வாயில் மாட்டி, 100 கிலோஹெர்ட்ஸிலிருந்து 1 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடவிட்டேன். அலைப்பட்டையை, அதாவது ஒரு நேரத்தில் பார்க்கும் அதிர்வெண் அகலத்தை, 3 கிலோஹெர்ட்ஸுக்குக் குறுக்கினால் கோடு ஆமை வேகத்தில்தான் நகரும், பொறுத்திருக்க வேண்டும். கட்டில் தலைமாட்டுச் சுவர் ஓரம் வளையத்தைக் கொண்டுபோனதும் திரையில் சீப்புப் பற்கள் எழுந்தன. 130, 195, 260, 325 என்று ஒழுங்காக, ஒவ்வொன்றுக்கும் நடுவில் 65 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி.

அந்த 65 தற்செயலான எண் அல்ல. அடாப்டர்களுக்குள் மின்சாரத்தை வேகமாக வெட்டி வெட்டி மாற்றும் சுவிட்சிங் ஐசிகளில் ஏராளமானவை 65 கிலோஹெர்ட்ஸில் ஓடும்படி செய்யப்பட்டவை. மின்கம்பி வழியே வெளியேறும் குறுக்கீட்டுக்கு சர்வதேச விதிகள் வரம்பு கட்டுவது 150 கிலோஹெர்ட்ஸிலிருந்துதான். 65இன் இரட்டிப்பு 130. அதுவும் வரம்புக்கு வெளியே தப்பித்துவிடும். மூன்றாவது பல்லுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். அடிப்படையான 65 என் திரையில் தெரியாவிட்டாலும், பற்களின் இடைவெளி அதைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

விளக்கை அணைக்கச் சொன்னேன். சீப்பு அசையவில்லை. எலெக்ட்ரீஷியன் முகத்தில் சின்ன ஏமாற்றம். பிறகு ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துக்கொண்டே வந்ததில், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே யார் கண்ணிலும் படாமல் கிடந்த கண்காணிப்புக் கேமராவின் 12 வோல்ட் அடாப்டரில் போய் நின்றது. அதிலிருந்து வரும் கம்பி, கட்டில் தலைமாட்டு வழியாக மானிட்டரின் மின்கம்பியோடு சேர்த்துக் கட்டப்பட்டு இறங்கியிருந்தது. இந்த உயர் அதிர்வெண் ஈசிஜிக் கோட்டில் நேரடியாக ஏறுவதில்லை. மானிட்டரின் நுழைவாயில் இருக்கும் பெருக்கிகளின் குறைகடத்திச் சந்திகள் பழைய வானொலியின் டையோடைப் போல அதைப் பிரித்தெடுத்து, அதன் மேல் ஏறியிருக்கும் மந்தமான ஏற்றஇறக்கத்தைக் கோட்டில் சேர்த்துவிடுகின்றன. அதனால்தான் 50 ஹெர்ட்ஸ் ஃபில்டர் போட்டும் அது போகவில்லை.

அடாப்டரைத் திறந்து பார்த்தேன். மின்சாரம் நுழையும் இடத்தில், இரைச்சலைத் தடுக்கும் இரட்டைச் சுருள் சோக் உட்கார வேண்டிய கட்டம் பலகையில் அழகாக அச்சிடப்பட்டிருக்கிறது, நான்கு துளைகளோடு. சோக் இல்லை. அதற்குப் பதில் இரண்டு துண்டு வெள்ளிக் கம்பிகளை வளைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள். பக்கத்தில் அதே வேலைக்கான எக்ஸ் கெப்பாசிட்டரின் கட்டமும் காலி. வடிவமைத்தவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. தயாரித்தவர் அதைச் சில்லறையாக மாற்றிக்கொண்டார்.

இங்கேதான் இந்தப் பெட்டி தன் விலைக்கு வேலை செய்தது. டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு உதிரிபாகக் கடையில் வாங்கிய கிளிப் ஃபெரைட் என் பையில் எப்போதும் இருக்கும். கம்பியில் கட்டையாகத் தொங்கும் கறுப்பு உருளை. லேப்டாப் வயரில் பார்த்திருப்பீர்கள். இரைச்சல் என்றால் அதை மாட்டு என்று எல்லாரும் சொல்கிறார்கள். மாட்டினேன், சீப்பின் பற்கள் இரண்டு டெசிபல்கூடக் குறையவில்லை. எல்லையை 100 மெகாஹெர்ட்ஸுக்கு விரித்துப் பார்த்தால், மேலே 40, 50 மெகாஹெர்ட்ஸில் இருந்த மேடு மட்டும் நன்றாகத் தாழ்ந்திருந்தது. கடையில் கிடைக்கும் கிளிப்புகள் பெரும்பாலும் நிக்கல்–துத்தநாக வகை. பத்து, இருபது மெகாஹெர்ட்ஸுக்கு மேல்தான் அவற்றுக்கு உயிர். ஒரு மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே வேலை நடக்க வேண்டுமானால் மாங்கனீசு–துத்தநாக வளையத்தில் கம்பியைப் பல சுற்றுச் சுற்ற வேண்டும். சுற்றின் எண்ணிக்கை மூன்று என்றால் தடை ஒன்பது மடங்கு. கண்ணால் பார்க்க முடியாதிருந்தால் கிளிப்பை மாட்டிவிட்டு, காசை வாங்கிக்கொண்டு, அடுத்த வாரம் மறுபடி போய் நின்றிருப்பேன். சோக் உள்ள ஒழுங்கான அடாப்டர் ஒன்றை வாங்கிப் போட்டு, இரண்டு கம்பிகளையும் பிரித்து வேறு வேறு வழியில் இறக்கியதும் சீப்பு தரைக்கோட்டுக்குள் அமிழ்ந்துவிட்டது. மானிட்டர் கோடு பளிச்சென்று வந்தது.

அதே மருத்துவமனையில் ஒரு வேடிக்கையும் நடந்தது. மானிட்டரின் பின்புறம் 'கதிர்வீச்சுத் தடுப்பு' ஸ்டிக்கர் ஒன்றை யாரோ ஒட்டி வைத்திருந்தார்கள். வளையத்தை வைத்தபடியே ஸ்டிக்கரை உரித்தும் ஒட்டியும் காட்டினேன். முள்முனை அளவுகூட மாற்றமில்லை. அது எவ்வளவு விலை என்று நான் கேட்கவில்லை.

'ஹை' நுழைவாய் எனக்கு அதிகம் பயன்படவில்லை. பட்டன் போனை ஈசிஜி டிராலி மேல் வைக்கும் பழக்கம் உள்ள இடங்களில், 900 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போன் விட்டுவிட்டுத் துள்ளுவதைக் காட்டி "பாருங்கள் சிஸ்டர், இதுதான்" என்று சொல்ல உதவியது. 2ஜி போன் நொடிக்கு 217 தடவை விட்டுவிட்டு ஒலிபரப்பும். ஸ்பீக்கரில் டர்ர்ர் என்று கேட்குமே, அதுதான். ஆளை நம்பவைக்கப் படம் நல்லது.

வாங்குகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது: இதை ஒருபோதும் மெயின்ஸோடு நேராக இணைக்கக் கூடாது. இதன் வாய் தாங்குவது 10 மில்லிவாட், அதாவது 50 ஓமில் முக்கால் வோல்ட்டுக்கும் குறைவு. வளையத்தாலோ, கம்பியைச் சுற்றிக் கவ்வும் ஃபெரைட்டில் சில சுற்றுச் சுற்றிய தூரத்து இணைப்பாலோதான் முகர்ந்து பார்க்க வேண்டும். வலுவான சிக்னல் வந்தால் இல்லாத முனைகளையும் இது காட்டும். அதைக் கண்டுபிடிக்க, உள்ளே வரும் சிக்னலைத் தணிக்கும் அட்டெனுவேஷனை 10 டெசிபல் கூட்டுங்கள். தணித்ததைக் கருவி கணக்கில் சேர்த்துக் காட்டுவதால் உண்மையான முனை அதே உயரத்தில் நிற்கும். பொய் முனை சரசரவென்று இறங்கிவிடும். என் கையேட்டில் முதல் பக்கத்தில் எழுதியிருப்பது இதுதான்.

இரைச்சலைக் குறைக்கிறேன் பேர்வழி என்று நோயாளியைத் தொடும் கருவியில் சாதாரண லைன் ஃபில்டரை மாட்டாதீர்கள். அதற்குள் கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவில் ஒய் கெப்பாசிட்டர்கள் இருக்கும். எர்த் அறுந்திருந்தால் அவை இரண்டும் மின்சாரத்தைப் பாதியாகப் பகிர்ந்து கருவியின் உலோக உடலில் 115 வோல்ட்டை ஏற்றி வைக்கும். தொட்டால் சுறுசுறுவென்று இருப்பது அதுதான். 2.2 நானோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று 230 வோல்ட்டில் கசியவிடுவது சுமார் 160 மைக்ரோஆம்பியர். மருத்துவக் கருவிகளுக்கான ஐஇசி 60601-1 தரத்தின்படி, இதயத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள சிஎஃப் வகைக் கருவியில் நோயாளியின் உடம்பு வழியே கசியலாம் என்று அனுமதிப்பது, இயல்பான நிலையில், 10 மைக்ரோஆம்பியர். ஒய் கெப்பாசிட்டர் இல்லாத மருத்துவ வகை ஃபில்டர் தனியாக உண்டு. விலை கூடுதல், மதுரைக் கடைகளில் நான் கேட்டவரை வரவழைத்துத்தான் தருகிறார்கள்.

கப்பலூர் தொழிற்பேட்டையில் நெபுலைசர் தயாரிக்கும் ஒரு தம்பி இந்தப் பெட்டியைப் பார்த்ததும், "அண்ணே, எங்கள் மெஷினுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்து ஒரு சர்டிபிகேட் அடித்துக் கொடுங்கள், டெண்டருக்கு வேண்டும்" என்றார். மெனுவில், விதிப்படியான சோதனைகளில் பயன்படும் 'குவாசி பீக்' என்ற அளவீட்டு வாய்ப்பும் இருப்பதால் அவருக்கு நம்பிக்கை பிறந்துவிட்டது. ஆனால் விதிப்படியான சோதனையில் கருவிக்கும் மின்சாரத்துக்கும் நடுவில் 50 ஓம், 50 மைக்ரோஹென்றி கொண்ட எல்ஐஎஸ்என் என்ற இணைப்புப் பெட்டி வேண்டும். 150 கிலோஹெர்ட்ஸ் முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை 9 கிலோஹெர்ட்ஸ் அலைப்பட்டை, அதற்கு மேல் 120. காற்றில் பரவுவதை அளக்க எதிரொலி இல்லாத அறை. எல்லாவற்றுக்கும் மேல், அளவீடு சரிபார்த்த சான்று. நான் வளையத்தை ஒரு அங்குலம் தள்ளிப் பிடித்தாலே எண் மாறிவிடுகிறது. சென்னை தரமணியில் உள்ள சமீர் போன்ற ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும் என்றேன். "அங்கே போய்த் தோற்றுவிட்டால் பணம் போய்விடுமே அண்ணே" என்றார். அந்தப் பயத்துக்கு இந்தப் பெட்டி உதவும். போவதற்கு முன்னால் சீப்பு எங்கே உயரமாக நிற்கிறது என்று பார்த்து, சோக்கையும் கெப்பாசிட்டரையும் மாற்றி மாற்றிப் போட்டு, முன்னைவிடக் குறைந்ததா என்று ஒப்பிட்டுக்கொள்ளலாம். அவர் மெஷினில் இரண்டு சாயங்காலம் அப்படி உட்கார்ந்தோம். மோட்டார் கம்பியைக் குட்டையாக்கியதிலேயே 14 டெசிபல் இறங்கியது. மின்னழுத்தக் கணக்கில் ஐந்தில் ஒரு பங்கு.

அல்ட்ரா என்ற பெரிய மாடலும் வருகிறது. 4 அங்குலத் திரை, மேல் எல்லை கிகாஹெர்ட்ஸ் கணக்கில் போகும். கீழ் எல்லை அதிலும் 100 கிலோஹெர்ட்ஸ்தான் என்பதால் ஈசிஜி வேலைக்கு அது கூடுதலாகத் தருவது கண்ணுக்குச் சுகம் மட்டுமே. வைஃபை, புளூடூத் சிக்கல்களைத் துரத்துகிறவர்கள் அதை வாங்கட்டும்.

சந்தையில் போலிகள் நிறைய. உள்ளே தகரக் கவசம் வைக்காமல், மலிவான பாகங்களைப் போட்டு, அதே பெயரில் அதே பெட்டியில் விற்கிறார்கள்; வடிவமைத்தவரின் தளத்திலேயே நம்பகமான விற்பனையாளர்களின் பட்டியல் இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். வந்ததும் 'லோ' வாயையும் 'ஹை' வாயையும் கூடவே வரும் குட்டைக் கேபிளால் இணைத்து, மெனுவில் செல்ஃப் டெஸ்டைத் தட்டுங்கள். வரிசையாக எல்லாச் சோதனையும் பச்சையில் வர வேண்டும். ஒன்று சிவப்பில் வந்தாலும், கேபிளின் திருகை இறுக்கி இன்னொரு முறை பாருங்கள். அப்போதும் சிவப்பென்றால் பெட்டியை அன்றே திருப்பி அனுப்பிவிடுங்கள்.